வராதவர்களின் கணக்கு

என் அம்மாயியிடம் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் "நாலு" என்பார். பெற்றது ஏழு. மூன்று, கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டன. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பிள்ளை என்றால் இருக்கிற பிள்ளைதான். போனதை யாரும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் "மொத்தம் எத்தனை பிரசவம் அம்மாயி?" என்று நான் கேட்டபோதுதான் ஏழு என்று வந்தது. கேள்வியில் ஒரு சொல் மாறியதும் மூன்று உயிர்கள் கணக்குக்குள் வந்துவிட்டன.

கணக்கெடுப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் வினாத்தாள் "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவதில்லை. உங்களோடு இருக்கும் மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை என்று தொடங்கும். அப்புறம் வெளியூரில் இருப்பவர்கள். அதற்கும் அப்புறம், உயிரோடு பிறந்து பின்னால் இறந்தவர்கள். "அப்படி யாரும் இல்லைங்க" என்று சொன்னாலும் விடக்கூடாது. பிறந்து அழுதோ மூச்சுவிட்டோ, பிறகு தங்காமல் போன குழந்தை ஏதாவது உண்டா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். 1992-93-ல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. நாடு முழுக்க 6.36 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். ஒரு மாநிலத்தின் சிசு மரண விகிதம் என்று பத்திரிகையில் நாம் படிக்கும் எண், ஏதோ ஒரு வீட்டு வாசலில் அந்த இரண்டாவது கேள்வியை ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாரா, பட்டியலை முடிக்கும் அவசரத்தில் தாண்டிப் போனாரா என்பதைப் பொறுத்தது.

கிராமத்து மருத்துவ நிலையைத் தெரிந்துகொள்ள எதற்கு வீடு வீடாகப் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் எல்லாம் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆரம்ப சுகாதார நிலையத்துப் புறநோயாளிப் பதிவேட்டில் பெயர், வயது, என்ன நோய், என்ன மாத்திரை, எல்லாம் இருக்கும். ஆனால் அதில் இருப்பவர்கள் வந்தவர்கள். பஸ் இல்லாத ஊர்க்காரர், ஒருநாள் கூலியை விட முடியாதவர், கூட வர ஆள் இல்லாத கிழவி, மந்திரிக்கப் போனவர், வரும் வழியிலேயே இறந்தவர், இவர்கள் யாரும் அந்தப் பதிவேட்டில் இல்லை. ஒரு ஊரின் வைத்திய வசதி எப்படி இருக்கிறது என்பதை இவர்களை வைத்துத்தான் அளக்க முடியும்.

பாம்புக்கடியைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். இந்தியாவில் ஆண்டுக்கு எத்தனை பேர் பாம்பு கடித்து இறக்கிறார்கள் என்பதற்கு நெடுங்காலம் மருத்துவமனைக் கணக்குதான் இருந்தது. அது சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. 2011-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் 97 சதவீதம் கிராமத்தவர்கள். மருத்துவமனையில் இறந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் வயலிலும் வீட்டிலும் வழியிலும் இறந்தார்கள். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறவே இல்லை. 2020-ல் வந்த அடுத்த ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் 12 லட்சம் பேர் என்றது.

இந்த எண் எங்கிருந்து வந்தது? இந்தியப் பதிவாளர் தலைவர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்திலிருந்து. 1960-களின் கடைசியில் நாடு முழுவதும் வந்த ஏற்பாடு இது. தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும், அந்தந்த இடத்தைச் சேர்ந்த ஒரு பகுதிநேரக் கணக்காளர் பிறப்பு இறப்புகளை நடக்க நடக்கக் குறித்துக்கொண்டே வருவார். பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து, அந்தக் குறிப்பேட்டைப் பார்க்காமலேயே, தனியாக வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவற்றுக்கு மறுபடியும் ஊருக்குப் போய் விசாரிப்பார்கள். தன்னைத்தானே சந்தேகப்பட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் இந்த முறைதான் அந்த எண்களின் பலம்.

மருத்துவர் பார்க்காத மரணத்துக்குக் காரணம் எப்படித் தெரியும்? நம் நாட்டில் பதிவாகும் மரணங்களில் மருத்துவச் சான்றோடு காரணம் எழுதப்படுபவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் 2000-களின் தொடக்கத்திலிருந்து வாய்மொழி மரண விசாரணை என்ற முறையைச் சேர்த்தார்கள். பெயர்தான் மிரட்டும்; செய்வது என்னவோ திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுதான். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? விட்டுவிட்டு வந்ததா, விடாமல் இருந்ததா? கால் வீங்கியதா, முகம் வீங்கியதா, எது முதலில்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரா? வியர்த்ததா? கடைசியாக என்ன சாப்பிட்டார்? அந்த வீட்டார் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் எழுதுவார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூத்தவர் ஒருவர் முடிவு செய்வார். பதிவாளர் தலைவர் அலுவலகமும் டொரன்டோவில் பிரபாத் ஜாவின் குழுவும் சேர்ந்து பத்து லட்சம் மரணங்களை இலக்காக வைத்து இப்படி ஆராயத் தொடங்கின. பாம்புக்கடிக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதாவது, தனியார் மருத்துவமனைகள் உட்பட எல்லோரும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பிந்திய முடிவு என்றாலும் வரவேற்கிறேன்.

மாதிரி எடுக்காமல் ஒரு ஒன்றியம் முழுவதையும் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தால் என்ன தெரியும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை சாலையில் இருக்கும் கணியம்பாடி ஒன்றியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை, பாகாயத்தில் இருந்துகொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த மக்களின் பிறப்பு, இறப்பு, கர்ப்பம், திருமணம், குடிபெயர்வு எல்லாவற்றையும் எழுதி வருகிறது. 1980-களிலேயே கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இந்த ஏற்பாட்டின் அடித்தளம் மருத்துவரோ கணினியோ கிடையாது. ஊருக்கு ஒருவர் என்று அந்தந்த ஊரிலேயே வாழும் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர், பெரும்பாலும் அதிகம் படிக்காத, பிள்ளை பெற்று வளர்த்த ஒரு பெண். அவர் சொல்வதை அடுத்த நிலையில் இருக்கும் பணியாளர் எழுதிக்கொள்வார். அதை செவிலியர் சரிபார்ப்பார். அதன் மேல் மருத்துவர். எந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லாமலேயே தெரியும்.

அந்தத் தெரிதல் எவ்வளவு முக்கியம் என்பதை 2003-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. கணியம்பாடியில் 1994 முதல் 1999 வரை நிகழ்ந்த மரணங்களை வாய்மொழி விசாரணை முறையில் ஆராய்ந்தபோது, ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 95 பேர் தற்கொலை செய்துகொண்டிருப்பது தெரிந்தது. காவல்துறைப் பதிவுகளை வைத்து அப்போது தேசிய அளவில் சொல்லப்பட்ட எண் 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு: 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில், பெண்களுக்கு ஒரு லட்சத்துக்கு 148, ஆண்களுக்கு 58. அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் மரணங்களில் பாதிக்கும் மேல் இப்படி நடந்தவை. இதைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் செய்ய முடியவில்லை.

இத்தனை மரணங்கள் எங்கே ஒளிந்திருந்தன? "தீராத வயிற்று வலி" என்ற சொற்றொடரைத் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். காவல் நிலைய அலைச்சலுக்குப் பயந்து, மற்ற பெண்பிள்ளைகளின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, குடும்பம் வேறொரு காரணம் சொல்லும். இல்லாவிட்டால் யாருக்கும் சொல்லாமல் எரித்துவிடும். அன்றைக்குத் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. காவலரிடம் சொல்லாததை அந்த வீடு, தன் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போன அதே ஊர்ப் பெண்ணிடம் சொன்னது. ஒன்பது மடங்கு வித்தியாசத்தின் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பதிவேடுகளில் இதைவிடக் கனமான ஒரு பக்கமும் உண்டு. 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெண்சிசுக்கொலைச் செய்திகள் வந்தபோது, ஏதோ ஓரிரு ஊரில் நடப்பது என்றுதான் பேசினார்கள். ஆனால் கிராம சுகாதார செவிலியர்களின் பதிவேடுகளில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. சிசு மரணத்துக்கு எதிரே காரணம் என்ற கட்டத்தில், மருத்துவப் பெயர் எதுவும் இல்லாமல், "சமூகக் காரணம்" என்று. கொலை என்று எழுத அவர்களால் முடியாது. மறுநாள் அதே தெருவுக்குப் போயாக வேண்டும். வயிற்றுப்போக்கு என்று பொய் எழுதவும் மனம் வரவில்லை போலும். அந்த இரண்டு சொற்களுக்குள் அவர்கள் உண்மையைப் பத்திரமாக வைத்தார்கள்.

ஷீலா ராணி சுங்கத்தும் வி.பி. ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 1997-ல் வெளியிட்டார்கள். மாநிலத்தில் அந்த ஓராண்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்சிசுக்கள். சேலம், தருமபுரி, மதுரை என்று மேற்கும் தெற்குமாக ஒரு பட்டை போல வரைபடத்தில் தெரிந்தது. சரி, செவிலியர் எழுதாமல் விட்ட இடங்களில்? அங்கும் தடயம் இருந்தது. சாதாரணமாக முதல் வாரத்தில் ஆண்குழந்தைகள்தான் கூடுதலாக இறக்கும். அது உடலின் இயல்பு. இந்த மாவட்டங்களில் அது தலைகீழாக இருந்தது. அதுவும் இரண்டாவது, மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவை. பதிவேட்டில் ஆணா பெண்ணா, பிறந்து எத்தனையாவது நாள், எத்தனையாவது பிரசவம் என்று மூன்று கட்டங்கள் இருந்ததால்தான் இது தெரிந்தது. "சிசு மரணம்: 1" என்று மட்டும் மேலே அனுப்பியிருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. தரவு சேகரிக்கும் படிவம் தயாரிப்பவர்கள் நேரம் மிச்சம் என்று ஒரு கட்டத்தை அடிக்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர் என்று எழுதுகிறேன், ஊரில் நர்ஸம்மா. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு. தமிழ்நாட்டில் இப்படி 8,713 உண்டு. நர்ஸம்மாவின் தோள்பையில் ரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் தொங்கு தராசு, ஹீமோகுளோபின் பார்க்கும் சாமான், இரும்புச்சத்து மாத்திரை. அதோடு முன்பு ஏழெட்டுப் பெரிய நோட்டுகளும் இருக்கும். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று. வெயிலில் தெருவெல்லாம் சுற்றிவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர்கள் அவர்கள்.

அந்த நோட்டுகளுக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதற்குக் காரணம் நம் வழக்கம். பெண் கர்ப்பமானதும் மாமியார் வீட்டு ஊரில் பதிவாவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அது வேறு ஒன்றியம், சில சமயம் வேறு மாவட்டம். முதல் நர்ஸம்மாவின் நோட்டில் அவள் "ஊருக்குப் போய்விட்டார்". இரண்டாவது நர்ஸம்மாவுக்கு அவள் "நம்ம ஊர் கேஸ் இல்லை". பிரசவத்தில் அவளுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆகிவிட்டால், இரண்டு பதிவேட்டிலும் ஏறாமல் நடுவில் விழுந்துவிடும். பிக்மி என்று எல்லோரும் சொல்லும் கணினிப் பதிவு 2008 வாக்கில் வந்தபோது அது அடைத்த முக்கியமான ஓட்டை இதுதான். கர்ப்பிணிக்கு ஒரு எண். அவள் எந்த ஊருக்குப் போனாலும் எண் கூடவே போகும். அந்த எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி கிடைக்கும் என்பதால், கர்ப்பிணிகளே நர்ஸம்மாவைத் தேடி வந்து பதிந்துகொண்டார்கள். பதிவு செய்தால் வீட்டுக்கு ஏதோ ஒன்று வரும் என்றால் மக்கள் தாமாகவே வருவார்கள். வெறுமனே தகவல் கொடு என்றால் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆனால் கணினி வந்ததால் நோட்டு போய்விடவில்லை. ஒரே கர்ப்பிணியின் விவரத்தை நோட்டில் ஒருதரம், மாநில இணையதளத்தில் ஒருதரம், மத்திய அரசின் தளத்தில் ஒருதரம், தடுப்பூசிக்கு ஒரு செயலி, சர்க்கரை-ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு செயலி. செவிலியர் சங்கங்கள் இதை எதிர்த்துப் போராட்டமும் நடத்தியிருக்கின்றன. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு செவிலியர் என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் வீட்டுக்குள்ள போனா அந்தப் பொண்ணு முகத்தப் பாப்பேன். இப்ப பிள்ளைங்க போன்லயே கண்ண வெச்சிருக்குதுங்க, பாவம். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கு." முகத்தைப் பார்த்தால்தான் வெளிறியிருக்கிறாளா என்று தெரியும்.

வேலை கூடும்போது எண்கள் என்ன ஆகும் என்பதைப் பதிவேட்டைத் திறந்தாலே பார்க்கலாம். ஒரு பக்கம் முழுக்க ரத்த அழுத்தம் 120/80, 110/70, 120/80 என்றே போகும். மனித உடம்பு அப்படி எப்போதும் பூஜ்யத்தில் முடியும் எண்ணில் துடிப்பதில்லை. பிறப்பு எடையில் 2.5 கிலோ என்ற இடத்தில் குழந்தைகள் கும்பலாக நிற்பார்கள். அதற்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை; உடனே கூடுதல் கவனிப்பு, கூடுதல் படிவம், மேலதிகாரியின் கேள்வி. தராசு 2.42 காட்டினாலும் கை 2.5 எழுதிவிடுகிறது. புள்ளியியல் தெரிந்தவர்கள் தரவின் தரத்தைப் பார்க்க இந்தக் கும்பலைத்தான் முதலில் தேடுவார்கள்.

நேர்மையாக அளந்தாலும் அளக்கும் விதம் எண்ணை மாற்றிவிடும் என்பதற்கு ரத்தசோகை ஒரு பாடம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தது. 2015-16-ல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 58.6 சதவீதத்துக்கு ரத்தசோகை என்றது. ஏறக்குறைய அதே காலத்தில், 2016-18-ல், குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றிய இன்னொரு தேசியக் கணக்கெடுப்பு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தது. ஒன்று முதல் நான்கு வயது வரை 41 சதவீதம். வயது வரம்பில் சின்ன வேறுபாடு உண்டு, ஆனால் அத்தனை பெரிய இடைவெளியை அது விளக்காது. துளி சரியாக வராதபோது விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும், எண் இறங்கும். கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, செறிவூட்டப்பட்ட அரிசி என்று எடுக்கப்படும் முடிவுகள் இந்த இரண்டு எண்களில் எதை நம்புவது என்பதில் தொங்குகின்றன.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. கெட்ட செய்தி சொல்பவரை என்ன செய்கிறோம்?

ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒரு தாய் இறந்துவிட்டால், மாதாந்திரக் கூட்டத்தில் அந்தச் செவிலியரை எழுப்பி நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அதே ஓய்வு பெற்ற செவிலியர் அப்படி நின்றிருக்கிறார். எந்த அலுவலகம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படி நின்றவர் அடுத்த மரணத்தை எப்படி எழுதுவார்? "வேறு மாவட்டத்தில் இறந்தார்." "கர்ப்பத்துக்குத் தொடர்பில்லாத நோய்." எண் குறையும், மரணம் குறையாது.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை இதை வேறு மாதிரி செய்து காட்டியதும் உண்டு. 1990-களில் தொடங்கி, 2004-ல் கட்டாயமாக்கி, ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்யும் வழக்கம் வந்தது. வீட்டில் இறந்தாலும் வழியில் இறந்தாலும் தனியார் மருத்துவமனையில் இறந்தாலும் சரி. ஊருக்குப் போய்க் குடும்பத்தாரிடம் பேசுவார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினரை அழைத்து அவர்கள் வாயாலேயே கேட்பார்கள். வலி எப்போது எடுத்தது, வண்டி எப்போது வந்தது, போன இடத்தில் டாக்டர் இருந்தாரா, ரத்தம் இருந்ததா, அடுத்த ஊருக்கு ஏன் அனுப்பினார்கள், அனுப்புவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது? யாரைத் தண்டிக்கலாம் என்று கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. எங்கே நேரம் போனது என்று கேட்டால் கிடைக்கும். கிடைத்த பதில்கள் ரத்த வங்கியாக, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையமாக, 2008-ல் வந்த 108 வண்டியாக மாறின. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்கில், உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2004-06-ல் 111 ஆக இருந்த தாய் மரணம், 2018-20-ல் 54. தணிக்கையால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியாமல் எதை அடைத்திருக்க முடியும்?

இதற்கு நேர்மாறான ஒன்று இப்போது நடக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பெண் கர்ப்பமாக இருந்தால் தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம், அதன் தேவையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிராமத்தில் 17 வயதில் கல்யாணம் ஆன பெண், நர்ஸம்மாவைப் பார்த்தால் கணவன் ஜெயிலுக்குப் போவான் என்று தெரிந்ததும் என்ன செய்கிறாள்? வயதைக் கூட்டிச் சொல்கிறாள். இல்லாவிட்டால் கடைசி மாதம் வரை வருவதே இல்லை. மிகவும் ஆபத்தான கர்ப்பம் யாருடையதோ, அவள்தான் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறாள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை என்றது. பிள்ளையைச் சுமந்து பெற நினைப்பவளுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்பது என் எண்ணம்.

எழுதியது ஊருக்குத் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக்குப் போக வேண்டும். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1986-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ராணி பங் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் வெளியிட்டார்: 92 சதவீதம் பேருக்குப் பெண்ணுறுப்பு சார்ந்த ஏதோ ஒரு நோய். அதற்கு முன் எப்போதாவது அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மட்டுமே பெண்ணுடலை எண்ணிக்கொண்டிருந்த சுகாதாரத் துறைகளை அந்த ஒரு ஆய்வு உலுக்கியது. பிறகு, பச்சிளங்குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்று வீடு வீடாக எழுதிப் பார்த்தார்கள். பார்த்ததை வைத்து அதே ஊர்ப் பெண்களுக்கு மூச்சை எண்ணவும், எடை பார்க்கவும், குளிர் படாமல் சுற்றவும், தொற்றுக்கு மருந்து கொடுக்கவும் கற்றுத்தந்தார்கள். 39 கிராமங்களில் நடந்த அந்த முயற்சியில் பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் எழுதினார்கள். இன்று நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டில் வந்து பார்ப்பது அங்கிருந்து வந்த பழக்கம்.

நம் ஊரிலும் அண்மையில் இப்படி ஒன்று நடந்தது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் என்று தெரிந்தது. மாத்திரை இலவசம், மருத்துவமனை பக்கத்தில், ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கட்டுக்குள் இல்லை. மாதம் ஒருநாள் வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியாதவர்கள். இந்த எண்களின் பின்னணியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கு வரும். கொண்டுவரும் பெண் அங்கேயே அழுத்தமும் பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

இத்தனைக்கும் கீழே ஒரு பழைய எண் கிடக்கிறது. எந்த விகிதத்தைக் கணக்கிட்டாலும் மொத்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் முழு மக்கள்தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டுடையது. 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்ஸம்மா என்பதும், இத்தனை தடுப்பூசிக் குப்பி என்பதும் அந்தப் பழைய எண்ணிலிருந்து இழுத்து நீட்டிய உத்தேசங்கள்தான்.

அந்த உத்தேசத்தில் யார் விழுந்துபோகிறார்கள் என்று பார்க்க, தை பிறந்த பிறகு திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றுக்குப் போனால் போதும். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள். சூளையை ஒட்டி, தலை குனிந்தால்தான் நுழைய முடிகிற குடிசைகள். ஈர மண்ணைக் குழைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஆறு மாதமோ ஏழு மாதமோ. அவளுக்குத் தமிழ் தெரியாது, வந்திருக்கும் நர்ஸம்மாவுக்கு ஒடியா தெரியாது. நடுவில் ஒரு எட்டு வயதுப் பையன் இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நிற்கிறான். நர்ஸம்மா அவளை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி, அழுத்தம் பார்த்து எழுதிக்கொள்கிறார். இது எத்தனையாவது பிரசவம் என்று கேட்கிறார். பையன் கேட்டுவிட்டு ஒரு விரலைக் காட்டுகிறான். நர்ஸம்மா அதை எழுதாமல், பேனாவை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை கேட்கச் சொல்கிறார்: இருக்கிறது எத்தனை, போனது எத்தனை?